முருகைக்கல் போறணை

என் கணவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து லீவில் வரும்போது இரண்டு பெட்டி சாமானும் ஒரு பெட்டி அறிவும் கொண்டுவருவார். சாமானை முதல் நாளே பங்கிட்டு முடித்துவிடுவார். அறிவுதான் அவர் திரும்பிப் போகும்வரை தீராது.

போன முறை அவருடைய கண் என் போறணையில் விழுந்தது. துறைமுகக் காற்று நேராக அடிக்காத பின்வளவு மூலையில், செங்கல்லும் புற்றுமண்ணும் வைத்து நானே கட்டிய சின்னப் பாண் போறணை, ரொட்டி சுடும் அடுப்பு. சனிக்கிழமைகளில் உள்ளே விறகை எரித்து, தணலை வெளியே இழுத்து, ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்து, ஒரு சிட்டிகை மாவை எறிந்து பார்ப்பேன். மா கருகாமல் சிவந்தால் பாண் வைக்கலாம். மாரி முடிந்ததும் வெடிப்புகளுக்கு மண் பூசி, சின்ன நெருப்பாகப் போட்டுக் காயவைப்பேன். இந்த வீட்டில் என் சொல்லைக் கேட்ட ஒரே பொருள் அதுதான். கணவரைப் பொருள்களில் சேர்ப்பதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அண்ணன் குனிந்து உள்ளே பார்த்தார். "தளம் சரியில்லைப் பிள்ளை. இப்ப அங்க எல்லாரும் இயற்கைக் கல்லுத்தான் போடினம். வீடியோவில பாத்தனான்."

இயற்கைக் கல்லுக்கு எங்கே போவது? இடிந்து கிடந்த பழைய மதிலுக்குத்தான். அது முருகைக்கல் மதில். கடலின் பவளப்பாறையில் வெட்டி எடுத்த முருகைக்கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு வரும் என்பது இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் தெரியும். இவரும் இங்கேதான் பிறந்தார். அந்த அறிவு மட்டும் அங்கத்தைய குளிரில் உறைந்துவிட்டதாக்கும்.

"அத்தான், அது சுண்ணாம்புக் கல்லெல்லோ? நெருப்புக்கு நிக்காது."

"உங்களுக்கு விளங்காது. அப்பா கட்டின மதில் எத்தினை மாரி கண்டது!"

மதிலுக்குள் யாரும் விறகு எரிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கணவர் முதல் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "அண்ணை ஆசைப்படுறார், விடுமன்."

அண்ணன் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி கை காட்டினார். அவர் தம்பி, என் கணவர், தளத்தில் இருந்த என் செங்கல்லைப் பெயர்த்துவிட்டு முருகைக்கல்லை அடுக்கினார். பிறகு பீட்சா சுட்டுப் படம் எடுத்தார்கள். உப்புவெளிக் கடற்கரை விடுதிகளில் வெள்ளைக்காரருக்குக்கூட அவ்வளவு படம் எடுத்துக் கொடுக்கமாட்டார்கள். பீட்சாவின் அடியில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. அதை மா என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டு அண்ணன் விமானம் ஏறினார்.

சனிக்கிழமைகள் எனக்கு மிஞ்சின. ஈரச்சாக்கை வைத்தால் தளம் சீறியது. பாணின் அடி முழுக்கச் சுண்ணாம்பு. கணவர் ஒரு துண்டைக் கடித்து, துப்பி, "போகப் போகச் சரிவரும்" என்றார். அன்று நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

மாரி வந்தது. நெருப்பில் வெந்த கல் ஈரத்தைக் குடித்துப் பொங்கியது. சுவர்கள் விலகி, ஒரு காலையில் மேல்வளைவு அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. நான் கட்டிய போறணை மண்குவியலாகக் கிடந்தது.

மழை விட்டதும் அந்தத் தளத்தைச் சுரண்டி, தண்ணீரில் கரைத்து, கோழிக்கூட்டுக்கு வெள்ளை அடித்தேன். அருமையான சுண்ணாம்பு. பிறகு தம்பலகாமத்திலிருந்து புதுச் செங்கல் எடுப்பித்தேன்.

செங்கல் வந்து இறங்கிய அன்று அண்ணன் வீடியோவில் அழைத்தார். "என்ர போறணை எப்பிடி நிக்குது?"

கணவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் அதைக் கோழிக்கூட்டுப் பக்கம் திருப்பினேன். "இந்தா நிக்குது அத்தான். நல்ல வெள்ளையா."

"இது கோழிக்கூடெல்லோ?"

"ஓம். உங்கட கல்லு இதுக்குத்தான் சரிவந்தது."

சத்தம் விளங்கவில்லை என்று சொல்லி அவர் அழைப்பை வெட்டிவிட்டார். வெட்டியதை ஒரு தரம் பார்த்து உறுதிசெய்துகொண்டு என் கணவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு செங்கல்லைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாதேங்கோ," என்றேன்.