துறைக்காரியின் செருப்பு

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கிறது. நீல வார், இடது குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்தது. போன வாரம் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் தன் டப்பாவை வைக்க இடம் தேடி அதைத் திறந்தாள், மூக்கைச் சுளித்தாள். "இன்னாக்கா இது, யாரோ போட்டுத் தேஞ்ச செருப்பு. தூக்கிப் போட்டுடவா?" என்றாள். தொட்டால் கையை உடைத்துவிடுவேன் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனாலும் அவள் இழுப்பறையைச் சாத்திவிட்டு டப்பாவை ஜன்னலோரம் வைத்தாள்.

அந்த மேசை முன்பு அக்காவுடையது. பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் மாடி அறை எங்களுடையது. ஜன்னலைத் திறந்தால் கீழே தறிச்சத்தம், மூடினால் புழுக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது, அக்காவுக்கு முப்பத்தாறு. கூடப் பிறந்தவர் இல்லை. பக்கத்து நாற்காலிக்காரர், அவ்வளவுதான். ஆனால் அக்கா என்று நான் சொன்னால் அவர் ஒருவரைத்தான் சொல்கிறேன் என்று என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து அன்னம் வரையக் கற்றுக்கொண்டதை விட, அவரோடு சேர்ந்து செய்த வேறு ஒரு காரியம்தான் என்னை ஆளாக்கியது. அதைச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாங்கள் ஃபோனில் ஒரு கதையாட்டம் ஆடினோம். ஒன்பது பேர் கொண்ட குழு. முக்கூடல் என்று ஒரு கற்பனை ஊர், மூன்று ஆறுகள் சேரும் இடத்தில். ஒவ்வொருவரும் அந்த ஊரில் ஒரு ஆளாக இருந்து, அவர் என்ன செய்தார், என்ன பேசினார் என்று ஒரு பத்தி எழுதிப் போட வேண்டும். அடுத்தவர் அதற்குத் தன் ஆளை நடக்கவிட்டு எழுதுவார். கதை யாருக்கும் சொந்தமில்லை, எங்கே போகும் என்றும் யாருக்கும் தெரியாது. அக்கா ஆற்றைக் கடக்க ஓடம் விடும் துறைக்காரி. நான் எழுபது வயது நாடி வைத்தியர்: நீண்ட தாடி, முன்கோபம், ஊர்வம்பு அத்தனையும் உண்டு. முதல் நாள் அக்காதான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டு, "உள்ள வந்துட்டா வெளில அதப்பத்திப் பேசக்கூடாதும்மா. நேர்ல பேசிட்டா ஆட்டம் செத்துடும்" என்றார். குழுவின் சட்டமே அதுதான். ஆகவே நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், சாம்பார் பரிமாறிக்கொள்வோம், ஆட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டோம். முந்தின நாள் அவருடைய ஓடத்தில் ஏறி நான் சண்டை பிடித்திருப்பேன். காலையில் ஒன்றும் தெரியாதவள் போல மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த ஆட்டத்தில் மிகக் கடினமான வேலை, பின்னால் வரப்போவதை முன்னாலேயே கோடிகாட்டி வைப்பது. தனியாகக் கதை எழுதுகிறவருக்கு அது சுலபம். முதல் பக்கத்தில் ஒரு கத்தியை வைத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் அவரே எடுத்துக்கொள்ளலாம். இங்கே ஒன்பது பேர். நீங்கள் வைத்த கத்தியை அடுத்தவர் எடுத்து மாங்காய் நறுக்கிவிட்டுப் போய்விடுவார். பெரிதாக வைத்தால் எல்லோரும் பாய்வார்கள். சின்னதாக வைத்தால் நூறு பதிவுகளுக்கு அடியில் புதைந்துவிடும். இதை நாங்கள் முடிச்சு என்று சொல்வோம். முடிச்சைப் போட்டவர் அதை அவிழ்க்கக் கூடாது, வேறொருவர்தான் கண்டுபிடித்து அவிழ்க்க வேண்டும் என்பது விதி. அக்கா அதில் கைகாரி. ஒரு பொருளை மூன்று முறைதான் காட்டுவார். முதல் முறை போகிற போக்கில். இரண்டாம் முறை வேறு யாராவது அதைக் கேட்கும்படி. மூன்றாம் முறை அது இடம் மாறியிருக்கும். நான்காவது முறை செத்தாலும் சொல்லமாட்டார். வேலையிலும் அப்படித்தான். முந்தியில் வரப்போகிற அன்னத்தின் கழுத்து வளைவை சேலையின் உடலில் மூன்று இடத்தில் சின்னப் புட்டாவாக வைப்பார். சேலையை விரித்து முந்தி வரும்போது, ஏற்கெனவே பார்த்த ஏதோ ஒன்று என்று பார்ப்பவருக்குத் தோன்றும்.

துறைக்காரி வெறுங்காலோடு நடப்பவள். ஆனால் அவள் ஓடத்தின் அடியில் ஒரு ஜோடித் தோல் மிதியடி இருந்தது. ஒருநாள் தண்ணீர் இறைக்கும்போது அதை நகர்த்தி வைத்தாள். இன்னொரு நாள் ஏறிய வழிப்போக்கன் யாருடையது என்று கேட்டான், அவள் பதில் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் அது பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்திருந்தது. அதேபோல, வீட்டு அரிசிப் பானையில் வேறு யாரையும் அவள் கைவைக்க விடுவதில்லை. அதுவும் மூன்று முறை, கடைசி முறை பானை வாயில் ஓர் ஓலை நுனி தெரிந்தது. எட்டு மாதம் யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் கண்டுபிடித்தேன். அந்தப் பெருமையை என்னவென்று சொல்ல! எழுதினேன் பாருங்கள் ஒரு பதிவு. வைத்தியர் சந்தை நடுவில் நின்று தாடியை உருவிக்கொண்டு முழங்குகிறார்: "அரிசிப் பானைக்குள் ஓலைக்கட்டு ஒளித்து வைத்திருக்கிறாள். ஓடத்தில் மிதியடி. துறைக்காரி இந்த ஊரை விட்டுப் போகப்போகிறாள்!" குழுவே கைதட்டியது. சில வாரம் முன்பு சேர்ந்து, அவ்வப்போது துறைக்காரி எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஆட்டுக்காரன் என்ற ஒரு புது ஆள்கூடக் கும்பிடு போட்டான். அக்கா மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் அக்கா கண் வீங்கி வந்தார். கம்ப்யூட்டரைப் போடவில்லை. முதல் தடவையாக, ஆட்டத்தைப் பற்றி நேரில் பேசினார். "அந்த ஆட்டுக்காரன் யாருன்னு தெரியுமாம்மா? எங்க வூட்டுக்காரரு. கடையில சும்மா கெடந்த சிம்முல வந்துக்கினு இருக்காரு. நம்பரப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சி போச்சு, அப்பறம் நான் ஒரு முடிச்சும் போடல. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது" என்றார். அவர் கணவர் செல்ஃபோன் ரிப்பேர்க் கடை வைத்திருந்தார். வெளியூரில் ஒரு மில்லில் டிசைன் வேலைக்கு அக்காவை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறையும் அக்காவின் ஃபோனிலிருந்து அவரே, விருப்பமில்லை என்று அக்கா எழுதுவது போலப் பதில் அனுப்பியிருக்கிறார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சர்டிஃபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார். முந்தின நாள் என் வைத்தியரின் முழக்கத்தைப் படித்ததும் அந்த மனிதர் சமையலறைக்குப் போய் டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்திருக்கிறார். "இருவத்தஞ்சு கிலோ அரிசிம்மா. தரையெல்லாம். கவர எடுத்துக்கினு போய் கடையில வெச்சிப் பூட்டிட்டாரு. நான் ராவெல்லாம் அரிசி வாரினேன்."

என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ஸ்டேப்ளர் தேடியபோது அக்காவின் கடைசி இழுப்பறையில் புத்தம்புதுக் கேன்வாஸ் ஷூ ஒன்றைப் பார்த்திருந்தேன். என்றும் ரப்பர் செருப்பு போடுகிறவர் ஷூ எதற்கு வைத்திருக்கிறார் என்று யோசிக்கவில்லை. நடைப்பயிற்சி போகிறார் போலிருக்கிறது என்று இழுப்பறையைச் சாத்தினேன். ஓடத்தில் கிடந்த மிதியடியைக் கண்டுபிடித்த புத்திசாலிக்கு, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ஷூ தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று அழுதேன். "வாயால சொல்ல வரல. யாராச்சும் ஒருத்தர் தெரிஞ்சிக்கினா போதும்னு இருந்துச்சு, அதான் அங்க வெச்சேன். நீ தெரிஞ்சிக்கின. தப்பு உன்னுது இல்ல" என்றார். அப்படியானால் போகப்போவதில்லையா என்று கேட்டேன். சர்டிஃபிகேட் போய்விட்டதே என்றேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்தார். "பேப்பர மறுபடி வாங்கிக்கலாம். என் காலு எங்கிட்டதானே இருக்குது?" என்று சொல்லிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டார்.

எப்போது போவார் என்று எனக்கும் தெரியாது. ஆனால் இரண்டு வாரத்தில் துறைக்காரி மறுபடி பேச ஆரம்பித்தாள். கருடசேவை அன்று ஊரே சாமி பார்க்கப் போய்விடும், துறையில் ஈ காக்கை இருக்காது என்று ஒருநாள் சொன்னாள். மறுநாள் மீனவன் ஒருவன் கருடசேவைக்கு ஓடம் உண்டா என்று கேட்டான், அவள் இல்லை என்று சொல்லிக் கண்ணைத் தாழ்த்தினாள். அடுத்து, துடுப்புக்குப் புது எண்ணெய் பூசினாள், கருடசேவைக்குள் காய்ந்துவிடும் என்றாள். மூன்று. எங்கள் ஊர்க் கோவில் கருடசேவைக்கும் அதிக நாள் இல்லை. இவ்வளவு வெளிச்சமாகச் சொல்கிறாரே, அந்த மனிதர் படிக்கிறார் என்று தெரிந்துமா என்று பதைத்தேன். அன்று மாலையே நான்காவது பதிவு வந்தது: "கருடன் கோபுர வாசலைத் தாண்டும் நேரம்தான் நல்ல நேரம் என்று துறைக்காரி தனக்குள் சொல்லிக்கொண்டாள்."

நான்காவது முறை. ஷேர் ஆட்டோவில் இடிபட்டுக்கொண்டு அதைப் படித்தவள் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தார். அக்கா நான்காவது முறை சொல்லமாட்டார். இது எங்களுக்கான முடிச்சு இல்லை, ஆட்டுக்காரனுக்கு வைத்த கண்ணி. கண்ணியை வைத்தால் போதாது, யாராவது அதை நம்பவும் வேண்டும். நான் வீட்டுக்குப் போவதற்குள் வைத்தியரை எழுப்பிவிட்டேன். கருடசேவை அன்று ஓடத்தில் போகிற பெண்ணுக்கு வழிக்கு உதவும் என்று சுக்குப்பொடியும் தைலமும் கட்டினார். கோபுர வாசலில் வந்து வழியனுப்புவேன் என்று சந்தையில் கத்தினார். இத்தனை நாள் ஒற்றை வரி எழுதிய ஆட்டுக்காரன், "எந்த வழியாகப் போவாள்? எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். கூட்டம் குறைந்ததும் கிழக்குத் துறை வழியாக என்று வைத்தியர் வாக்குக் கொடுத்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

கருடசேவைக்கு ஐந்து நாள் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அக்கா சாப்பிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். கடைசி இழுப்பறையைத் திறந்தார். ஷூவை எடுத்துப் போட்டு, அவசரமே இல்லாமல் கயிற்றைக் கட்டினார். முதல் கட்டு பிடிக்கவில்லை, அவிழ்த்து மறுபடி கட்டினார். கழற்றிய செருப்பை ஷூ இருந்த இடத்தில் வைத்துச் சாத்தினார். தெருமுனை வரை கூடப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கையில் தினமும் எடுத்துப் போகிற அதே பை மட்டும். வாலாஜாபாத் போகிற ஷேர் ஆட்டோ வந்தது. அங்கே ரயில் பிடிப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஏறும்போது, "வைத்தியரு ரொம்ப ஓவராப் பேசறாரும்மா. கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவர் கணவர் மாடியேறி வந்தார். எங்கே என்றார். நான் எழுந்து இழுப்பறையைத் திறந்து காட்டினேன். "செருப்பு இங்கதான் இருக்குது. ஆள் இல்ல" என்றேன். அவர் செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நீதானா அந்தக் கெழவன்?" என்றார். "ஆமாங்க. நீங்கதானே ஆடு மேய்க்கறவரு?" என்றேன். கீழே தறிக்காரர்கள் இரண்டு பேர் படியில் வந்து நின்றார்கள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஊர் சொல்லும் கதை வேறு. ஓடிப்போனவள் என்பார்கள். என் முன்னாலேயே சொல்வார்கள். ஃபோனே கதி என்று கிடந்தாள், கண்டவனோடு கதை எழுதினாள், அதுதான் இப்படி ஆனது என்று ஒருத்தி எனக்கே புத்தி சொன்னாள். நான் ஒவ்வொரு முறையும் சண்டைக்குப் போகிறேன், அலுப்பதே இல்லை. குழுவிலும் ஒருவர், ஆள் வராததால் துறைக்காரியை வெள்ளத்தில் மூழ்கடித்துக் கதையை முடித்துவிடலாம் என்றார். என் வைத்தியர் உயிரோடு இருக்கும்வரை முக்கூடலில் வெள்ளம் வராது என்று எழுதினேன். ஆட்டுக்காரனை நீக்கிவிடலாம் என்றும் கேட்டார்கள். வேண்டாம், இருந்து படிக்கட்டும் என்றேன்.

ஏழு மாதம் கழித்து ஒரு புது நம்பர் குழுவில் சேர்ந்தது. முதல் பதிவில் ஒரு பெண் ஆற்றின் அக்கரையிலிருந்து வந்து துறையில் நின்றாள். காலில் நல்ல மிதியடி. வேலை கிடைத்த ஊரின் பெயரை ஒளிக்காமல் சொன்னாள். புதிதாக வாங்கிய ஓலைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். "என் பழைய செருப்பை இந்த ஊரில் விட்டுவிட்டேன். யாராவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஆட்டுக்காரன் அதைப் படித்ததற்கான அடையாளம் திரையில் தெரிந்தது. முடிச்சைப் போட்டவர் அவிழ்க்கக் கூடாது. வைத்தியர் எழுந்து, எல்லோரும் கேட்கும்படி, "என்னிடம் இருக்கிறது. நீ எப்போது வந்தாலும் தருவேன்" என்றார்.

இதையெல்லாம் போன வாரம் அந்தப் புதுப் பெண்ணிடம் சொல்லவில்லை. நேற்று அவளே வந்து, "அந்தச் செருப்புக்காரங்க ஓடிப்போயிட்டாங்களாமே, கீழ சொன்னாங்க" என்றாள். நான் இழுப்பறையைத் திறந்து, சரிந்திருந்த இடது செருப்பை வலது செருப்பின் பக்கத்தில் நேராக வைத்தேன்.

"ஓடல. ஷூ போட்டுக்கினு நடந்துதான் போனாங்க. நான் கூடவே போய்ப் பாத்தேன்."