கண்ணாடிக்காரர் வயரை விட்ட கதை

பகலெல்லாம் கண்ணாடிக்கடையில் அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்த்துச் சொல்கிற மனிதர், மாலையானால் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பார். குழுவில் அவருக்குத் 'தூண்' என்று பெயர். கிட்டாரை மாட்டிக்கொண்டு ஓரிடத்தில் நின்றாரென்றால், நாற்காலி அடுக்குகிறவர்கள் வந்து "அண்ணே, கொஞ்சம் நகருங்க" என்று சொல்லும்வரை அசைய மாட்டார். ஒருமுறை அலங்காரக்காரர் அவசரத்தில் பூச்சரத்தின் ஒரு முனையை அவர் தோளில் கட்டிவிட்டுப் போய்விட, மிச்சக் கச்சேரியை அவர் அதோடேயே வாசித்து முடித்தார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

தூண் நின்றது, தூணிலிருந்து போன வயர் நிற்கவில்லை. அவிழ்த்து நீட்டினால் கிணற்றில் வாளி இறக்கலாம், அவ்வளவு நீளம். அது பாட்டுக்குப் பாட்டு மேடையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், காதல் பாட்டின் உச்சத்தில் பாடகி கையை விரித்து ஓர் எட்டு வைத்தாள். அடுத்த எட்டை டிரம்ஸ் மேல் வைத்தாள். விழுந்தவள் வேறு யாராவது என்றால் நாலு பேர் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவளோ குழுவை நடத்தும் மாஸ்டரின் மச்சினி.

"யோவ் தூண், அடுத்த கச்சேரிக்கு வயர் இல்லாம வா. இல்லன்னா நீ இல்லாம நாங்க வர்றோம்" என்றார் மாஸ்டர்.

தெருவில் கண்ணாடிக்காரரைக் 'கிட்டார் சார்' என்கிறார்கள். கிட்டார் போய்விட்டால் மிஞ்சுவது வெறும் சார். அதைவிட, இடையிசை வாசிக்கும்போது அவருக்குள் ஏதோ ஒன்று விரியும்; அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

ஆகவே வயர்லெஸ் செட் தேர்ந்தெடுக்கிற வேலையில் இறங்கினார். பெண் பார்க்கப் போனபோதுகூட இத்தனை விசாரித்ததில்லை. கடையிலும் போனை வைத்துக்கொண்டு வீடியோதான்.

"சார், கடைசி வரிசை எழுத்து தெரியலை" என்பார் நாற்காலியில் உட்கார்ந்த வாடிக்கையாளர்.

"எப்படித் தெரியும்? மண்டபத்துல எல்லார் கையிலயும் வைஃபை. சிக்னல் இடிக்குமில்ல?"

ஒருவழியாக வாத்தியக் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு செட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று கட்டைவிரல் பருமன்; கிட்டாரில் ஒரு துண்டைச் செருகி, ஆம்ப்ளிஃபயரில் இன்னொன்றைச் செருகினால் தீர்ந்தது. மற்றது இடுப்பில் மாட்டுகிற பெட்டி. தூரம் போகும், நூறு மீட்டர்.

"உங்க மேடைக்குச் சின்னதே போதுங்க. கம்பியைத் தட்டினா சத்தம் வர ஆறு மில்லிசெகண்ட் ஆகும், அவ்வளவுதான்."

"ஆறா!" கண்ணாடிக்காரர் பாம்பை மிதித்தவர் போலப் பின்வாங்கினார். "பெட்டியில எவ்வளவு?"

"மூணு. ஆனா ஒருதரம் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இந்த வித்தியாசம் அம்பது தரம் வந்து போயிடும், சார்."

"உங்களுக்குத் தெரியாது. என் காதுக்குத் தெரியும்."

அந்தக் காதுதான் இத்தனை வருஷமாக ஒவ்வோர் இடையிசைக்குள்ளும் அரைத்தட்டு பிந்தி நுழைந்துகொண்டிருந்தது.

பெட்டி வீட்டுக்கு வந்தது. மனைவியை ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, வாசித்துக்கொண்டே சமையலறைக்குப் போனார், குளியலறைக்குப் போனார், மாடிக்குப் போனார், கடைசியில் தெருமுனை மருந்துக்கடைக்கே போய்விட்டார். அங்கிருந்து போன் போட்டார்.

"கேட்குதா?"

"கேட்குதுங்க. எதிர்வீட்டுக்காரம்மா வாசல்ல நின்னு கேட்கறாங்க, எப்ப நிறுத்துவீங்கன்னு. மேடை நம்ம கூடம் அகலம்கூட இருக்காது. நூறு மீட்டர் எதுக்கு? கச்சேரி நடுவுல ஊரைவிட்டு ஓடப்போறீங்களா?"

கச்சேரி நாள் வந்தது. நீளமான பெரிய கல்யாண மண்டபம். மேடையில் வயரே இல்லை; மச்சினி சந்தேகத்தோடு தரையைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். கண்ணாடிக்காரர் இடுப்பில் பச்சை விளக்கு எரிய, வழக்கமான இடத்தில் வழக்கம்போல நின்றார்.

மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. "வயர்தான் போச்சே, இன்னும் எதுலய்யா உன்னைக் கட்டிப் போட்டிருக்கு? கீழ இறங்கி நட!"

இறங்கினார். முதல் வரிசையில் கைதட்டினார்கள். நடுவரிசையில் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஆயுசில் முதல்முறையாகத் தூணுக்குக் கால் முளைத்துவிட்டது. அது சாப்பாட்டுக் கூடத்தின் கதவு வரைக்கும் போய்த்தான் நின்றது.

வினை அங்கேதான் காத்திருந்தது. மேடையில் அடித்த டிரம்ஸ் அந்த நீள மண்டபத்தைக் கடந்து அவர் காதுக்கு வருவதற்குள் நேரம் போய்விடுகிறது. வந்த சத்தத்தோடு சேர்ந்து அவர் வாசிக்க, அந்த வாசிப்பு பெட்டி வழியாகக் கண நேரத்தில் மேடைக்குப் போய், பிந்திப்போன விருந்தாளி மாதிரி ஸ்பீக்கரில் வந்து விழுந்தது. மூன்று மில்லிசெகண்டுக்காகக் கடைக்காரரோடு மல்லுக்கு நின்றவர், கால்நடையாகவே நூறைச் சம்பாதித்துவிட்டார். டிரம்ஸ்காரர் பல்லைக் கடித்தார். மச்சினி ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் ஏறிக்கொண்டாள். கண்ணாடிக்காரர் பேட்டரியைச் சந்தேகப்பட்டார்.

திடீரென்று எல்லாம் சரியாகிவிட்டது. பாட்டு தடத்துக்கு வந்தது. இடையிசையில் கிட்டார் தேனாக வழிந்தது, தட்டு பிசகாமல். 'பெட்டின்னா இது பெட்டி!' என்று அவர் பூரித்தார்.

அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் பாய்ந்து வந்து அவருடைய வலது கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரமாதம் சார், என்ன வாசிப்பு!"

கை குலுங்கிக்கொண்டிருந்தது. கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் மேடையைப் பார்த்தார். கீபோர்டுக்காரர் குனிந்த தலை நிமிராமல் கிட்டார் சத்தத்தை வாசித்துக்கொண்டிருந்தார். இவருடைய கிட்டாரின் சத்தத்தை அணைத்துவைத்திருந்த சவுண்டுக்காரர், இவர் பார்வைக்குத் தப்பி மேற்கூரையை ஆராய்ந்தார். தாய்மாமன் மட்டும் ஒன்றும் கவனிக்காமல் இன்னொருமுறை குலுக்கினார்.

கண்ணாடிக்காரர் நினைத்தால் மேடை ஏறி, பழைய இடத்தில் நின்று, தன் கையால் வாசிக்கலாம். வாசித்தால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டார்கள். சுற்றிலும் எத்தனை போன்கள்! கையை மெல்ல விடுவித்துக்கொண்டார், கம்பிமேல் வைத்தார், கண்ணை மூடித் தலையை ஆட்டியபடி பெண்வீட்டார் பக்கமாக நடந்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் மாஸ்டர் தோளில் தட்டினார். "எல்லார் வீடியோவிலயும் நீதான்யா. அடுத்ததுக்கும் வந்துடு."

"வாசிப்பு எப்படி இருந்துச்சு, மாஸ்டர்?"

"நடை அற்புதம்."

கண்ணாடிக்காரர் பெட்டியை இடுப்பிலிருந்து கழற்றினார். கழற்றிவிட்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார்: "புது பேட்டரி போட்டுக்கிட்டு வரட்டுமா?"

"எதுக்கு?" என்றார் மாஸ்டர். பிறகு யோசித்தார். "சரி, போட்டுக்கோ. லைட் எரிஞ்சாதானே ஜனம் நம்பும்."