ஈ, வல்லூறு, அண்ணன்

எங்கள் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் ‘அசையாதீங்க’. பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ அவருடையது. ஸ்டூலில் உட்காருகிறவர் மந்திரியாக இருந்தாலும் மாமியாராக இருந்தாலும், மோவாயைப் பிடித்துத் திருப்பி, “அசையாதீங்க” என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டுத்தான் கேமராவுக்குப் பின்னால் போவார். பக்கத்திலேயே ஃபிரேம் கடை வைத்திருக்கிற எனக்குக் காலையிலிருந்து அந்தச் சத்தம்தான். கொழுந்தனாக வாய்த்த பாவம், கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஊரையே ஆடாமல் உட்கார வைக்கிற இந்த அம்மாளுக்குப் பித்து என்னவோ, இறக்கை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பவை மேல். ஸ்டூடியோவுக்குப் பின்னால்தான் வீடு. அங்கே பூந்தொட்டிகளுக்கு ஒரு சின்ன ஈ வரும். உடம்பெல்லாம் குளவி மாதிரி கோடு, ஆனால் கொட்டத் தெரியாது. விரட்டினால் ஓடும், திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்கும். அண்ணி அதைத் துரத்துவதே இல்லை. அது நின்ற இடத்தில் கட்டைவிரலை நீட்டி, விரலுக்கு ஃபோகஸ் வைத்து, விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். ஈ தானாக வந்து மாட்டும். காற்றை எதிர்த்து நின்று எலி தேடுகிற வல்லூறுக்குத் தலை மட்டும் துளிகூட ஆடாது என்பதையும் அவர் படத்தில்தான் தெரிந்துகொண்டேன். என் கடைச் சுவர் முழுக்க அண்ணி எடுத்த படங்கள்தான். எனக்கு அதில் ரொம்பப் பெருமை.

அவர் எடுக்காதது அண்ணனை மட்டும்தான். அண்ணனுக்கு மீட்பு ஹெலிகாப்டரில் வேலை. வெள்ளத்தில் யாராவது மாட்டிக்கொண்டால், ஹெலிகாப்டர் மேலே அப்படியே நிற்க, இவர் கயிற்றில் இறங்கித் தூக்கி வருவார். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அண்ணி சமையலறைக்குப் போய் வெறும் மிக்சியை ஓடவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து அண்ணன் தொங்குவதை அவர் பார்த்ததே இல்லை. கேட்டால் வேலை கிடக்கிறது என்பார். பயம் என்று சொல்ல மட்டும் வாய் வராது.

அண்ணனுக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. வெளியே கேலியாகவே பேசித் தீர்த்துக்கொள்வார். வயதாகிவிட்டது, இனி தரையில்தான் வேலை என்று உத்தரவு வந்த அன்று கேலியும் போய்விட்டது. தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“ஈக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்ல. நாளைக்குக் கடைசிப் பயிற்சி. ஒரு தடவையாவது நீ வந்து பாக்கணும்னு இருந்துச்சு. சரி, விடு.”

அண்ணி எழுந்து போய் கேமரா பேட்டரியை சார்ஜில் போட்டார்.

மறுநாள் பயிற்சி மைதானத்துக்கு நானும் பை தூக்கப் போனேன். ஹெலிகாப்டர் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். அண்ணி பழக்கதோஷத்தில் ஈயை எடுக்கிற அதே கேமரா வேகத்தில் எடுத்துவிட்டார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது. அந்த வேகத்தில் எடுத்தால், சுற்றுகிற எதுவும் படத்தில் நின்றுபோன மாதிரிதான் தெரியும். படத்தில் ஹெலிகாப்டரின் இறக்கைகள் குச்சி குச்சியாக நின்றிருந்தன. அடியில் அண்ணன் தொங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக எதை நினைத்து நடுங்கினாரோ, அதையே தன் கையால் எடுத்திருந்தார்.

படத்தை அழித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் பையை மூடினேன். நாலடி நடந்தவர் சட்டென்று நின்றார்.

“அதைக் கடைசியா பாத்துட்டுப் போனா நான் எப்படித் தம்பி தூங்குவேன்?” என்று திரும்பிவிட்டார்.

இறக்கை சுற்றுவது படத்தில் தெரிய வேண்டுமானால் கேமரா வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால், கை இம்மி ஆடினாலும் அண்ணன் கலங்கலாகிவிடுவார். அண்ணிக்குக் கை ஆடியது. சோம்பேறிகளுக்குத்தான் ஸ்டாண்டு என்று கிண்டல் செய்கிறவர், என்னிடம் ஸ்டாண்டைக் கேட்டு வாங்கினார். அண்ணன் மைதானத்துக் கம்பத்தின் உச்சியை ஒட்டித்தான் ஒவ்வொரு முறையும் இறங்குவார். அந்த உச்சிக்கு ஃபோகஸ் வைத்து, கேமராவைப் பூட்டி, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். அண்ணன் அந்த இடத்துக்கு வரும்போது அழுத்தினால் போதும். ஆனால் வருகிறாரா என்று வெறும் கண்ணால் பார்த்தாக வேண்டும். முகத்தை மறைத்துக்கொள்ளக் கேமரா இல்லை.

ஹெலிகாப்டர் மறுபடி வந்தது. புழுதி பறந்தது. அண்ணன் கயிற்றில் மெதுவாகச் சுழன்றபடி இறங்கினார். அண்ணிக்குப் பயமாகத்தான் இருந்தது, உதடு துடித்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. கயிறு மேலேறி, ஆள் பத்திரமாக உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

தரைக்கு வந்ததும் அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேரே எங்களிடம் வந்து, படம் விழுந்ததா என்று கேட்டார். அண்ணி கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

“அழுத்தவே மறந்துட்டேங்க. உங்களையே பாத்துட்டு இருந்துட்டேன்.”

அண்ணன் வாயிலிருந்து ஏதாவது கேலி வரும் என்று காத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

“அதுக்குத்தானே கூப்பிட்டேன்” என்றார்.