கத்தரி பிடித்த சனிக்கிழமைகள்

தேயிலை விலை அடுத்த பருவத்துக்குள் ஏறிவிடும் என்றே எங்கள் வீட்டில் நம்பினோம். அதுவரை எப்படியாவது தாக்குப்பிடித்தால் போதும் என்பார் அப்பா. குன்னூருக்கு மேலே எங்களுக்கிருந்தது சிறிய தோட்டம். அதில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறித்தவர் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண்மணி. அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரி. கணக்கில் என்னைவிடப் பல படி மேல்.

ஐப்பசியில் அப்பா ஒரு கத்தரி வாங்கி வந்தார். வேலி வெட்டும் கத்தரியைப் போன்றது. வெட்டிய இலை விழுவதற்கு அதன் அலகிலேயே ஒரு பை. அதை வைத்துக்கொண்டு ஓர் ஆள் மூன்று பேரின் வேலையை முடித்துவிடலாம். சனிக்கிழமைகளில் நானே அதை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பை நிரம்ப நிரம்ப, வீட்டுக்குக் கை கொடுக்கிறேன் என்ற பெருமிதம்.

பாதையோரம் நின்று தோழி சிரித்தாள்.

“என்னடி, கொழுந்து எடுக்கிறியா, செடிக்கு முடி வெட்டுறியா?”

“பொறாமடி உனக்கு. உங்கம்மா நாள் பூரா எடுக்கறத நான் மத்தியானத்துக்குள்ள வெட்டிப்போடுவேன்.”

அவள் சிரிப்பு நின்றது. “அப்ப எங்கம்மா என்ன செய்யும்?”

“வேற தோட்டத்துக்குப் போவாங்க” என்றேன். மற்ற தோட்டங்களிலும் கத்தரி வந்துவிட்டிருந்ததை நான் அறியாமல் இல்லை.

மாசியில், கொழுந்து வேலை நின்றுபோன அவள் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறார்களாம். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

“ஐயா, பரீட்ச முடியுற மட்டும் புள்ள இங்கன இருக்கட்டுங்களா? ஒரு மூலையில படுத்துக்கும்.”

அப்பா இரக்கமில்லாதவர் அல்லர். நெடுநேரம் யோசித்தார். “வயசுப் புள்ளைக்கு நாங்க எப்படிங்கம்மா பொறுப்பெடுக்கறது? ரெண்டே மாசம், விலை ஏறிரும். உங்களையே திரும்பக் கூப்புடறேன். பரீட்சைய அப்புறமா எழுதிக்கட்டும்.”

கதவுக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். என்னோடு என் அறையில் இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவின் இரண்டு மாதத்தை நானும் நம்பினேன்.

அவர்கள் ஏறிய பஸ் நகரும்போது தோழி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினாள்: “அல்ஜீப்ராவுல கோட்ட விட்றாத, எரும!”

பரீட்சை அறையில் எனக்கு முன்னால் இருந்த மேசையில் அவள் பரீட்சை எண்ணைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவ்விடத்துக் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனார். ஆறு நாளும் அப்படியே நடந்தது.

அந்தப் பருவத்தில் விலை ஏறவில்லை; அடுத்ததிலும் இல்லை. கத்தரி வெட்டிய இலை முற்றல் என்று ஃபேக்டரியில் மூட்டையைத் திருப்பி அனுப்பினார்கள். திருப்பூரிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. அக்டோபரில் பரீட்சை எழுதப்போவதாக முதல் கடிதம். ஷிப்டில் லீவு தரமாட்டேன் என்கிறார்கள், தங்கையை மட்டும் பள்ளியில் சேர்த்துவிட்டேன் என்று இரண்டாவது. அதற்கு நான் எழுதிய பதில், அந்த முகவரியில் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது.

அப்பா தோட்டத்தை விற்றார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். எங்கள் வகுப்பிலிருந்து இந்த மலையில் இன்னும் இருப்பவள் நான் ஒருத்திதான்.