லோடுக்கு முன்னால் 'எ'வா, 'தி'யா?

காலையில் பெங்களூரு வியாபாரி ஒருவர், நூறு மூட்டை பொன்னி அரிசி இன்றே ஏற்ற முடியுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். அவருக்குத் தமிழ் வராது. உத்திரமேரூரில் என் அரிசி மண்டிக்கு வரும் இங்கிலீஷ் எல்லாம் அங்கே கணக்கு எழுதும் சுமதி பொறுப்பு.

"இருக்குன்னு பதில் போடும்மா" என்று சொல்லிவிட்டு எடை போடப் போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தால், போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாம்மா, அனுப்பிட்டியா?"

"இல்லண்ணா. லோடுக்கு முன்னால 'எ' போடறதா, 'தி' போடறதான்னு யோசிச்சிக்கினு கீறேன்."

"போன மாசம்லாம் கேட்டவுடனே அனுப்புவியே!"

"அப்போ தப்புன்னு தெரியாதுண்ணா."

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் அவளைச் சேர்த்துவிட்டது நான்தான். போன வாரம் அங்கே இந்தப் பாடம் நடந்ததாம். அதுவரை அவள் தப்பும் தவறுமாக அனுப்பியதற்கெல்லாம் இங்கிருந்து லாரி கிளம்பியிருக்கிறது.

"எதையாவது போட்டு அனுப்பும்மா" என்றேன். அனுப்பினாள். உடனே பதில் வந்தது.

"சாரி. டுக் லோட் ஃப்ரம் வாலாஜாபாத் பார்ட்டி."

அதில் 'எ'யும் இல்லை, 'தி'யும் இல்லை. வாலாஜாபாத்காரரிடம் லோடு எடுத்துவிட்டார் என்று எனக்கே நன்றாகப் புரிந்தது.

சுமதிக்கு முகம் சுண்டிவிட்டது. "அவருக்கும் தெரியலண்ணா" என்றாள்.

"அவருக்கு அரிசி கெடச்சிடிச்சேம்மா" என்றேன்.

கிளாஸ் முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அடுத்து என்ன பாடம் வரும் என்று படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அந்த வாரம் மட்டும் போனை நானே வைத்துக்கொள்கிறேன்.