வால்பேப்பரில் வைத்த பொட்டு

கிரகப்பிரவேச வீட்டில், சுவரில் வைத்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் செய்தேன். வால்பேப்பர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் "மேடம், டிப்ஸ் சொல்லுங்க" என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும்!

1. க்ரீம் கலர் போதும்

செங்கல்பட்டில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாயிரமாவது வருடத்தைத் தாண்டியதும் நாவலூர், சிறுசேரிப் பக்கமெல்லாம் அடுக்குமாடிகள் கிளம்பின. எங்கள் முதலாளிக்குக் கை துறுதுறுத்தது. கடையின் ஒரு மூலையில் வால்பேப்பர் ஆல்பங்களை அடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா, நீ நல்லா பேசுற. இனிமே இதுக்கு நீதான் இன்சார்ஜ். அளவு எடு, ஆர்டர் புடி, தேவாவ கூட்டிகினு போய் ஒட்டிட்டு வா."

தேவா சதுரங்கப்பட்டினத்துக்காரர். பெயிண்டராக இருந்து பேப்பர் ஒட்டக் கற்றுக்கொண்டவர். ஜாயிண்ட் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது, அப்படிக் கை சுத்தம். வாய் மட்டும் நிற்காது.

நான் தனியாகப் பிடித்த முதல் ஆர்டர் சரோஜா அம்மாவுடையது. விருதுநகர்ப் பக்கத்துப் பெண். அவரும் கணவரும் கல்பாக்கத்தில் ஆபீஸ் வேலை. இருபத்திரண்டு வருடம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் சொந்த வீடு கட்டியிருந்தார்கள்.

"குவார்ட்டர்ஸ்ல எல்லா வீடும் ஒரே க்ரீம் கலரும்மா. ஒரு ஆணி அடிக்கக்கூட யோசிக்கணும். என் வீட்டுல ஒரு சுவராவது நான் ஆசைப்பட்ட மாதிரி இருக்கட்டுமே" என்றார்.

அவர் காட்டியது கிழக்குச் சுவர். கடலைப் பார்த்த வெளிச்சுவர். நான் ஒரே பிடியாக மறுத்தேன். அந்த மாதிரிச் சுவர் உப்புக்காற்றிலும் மழையிலும் ஊறும்; பேப்பர் ஒரு ஐப்பசிகூடத் தாங்காது. வாய்ப்பேச்சு போதவில்லை. தேவா ஒரு பாலிதீன் ஷீட்டைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஷீட்டுக்குள்ளே முத்து முத்தாகத் தண்ணீர். சரோஜா அம்மா அப்புறம் அந்தச் சுவரின் பேச்சை எடுக்கவில்லை.

சமையலறை வேண்டாம், எண்ணெய்ப் புகை. சின்ன அறையில் பெரிய பூ வேண்டாம், அறை இன்னும் சுருங்கிப்போகும். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருக்கிற உள்சுவர்தான் சரி. வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும், ஈரம் ஏறாது. இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் சரி.

அடுத்து பேப்பர். துடைத்தால் போகிற வினைல் ஒன்று, பளபளப்பில்லாத வெறும் பேப்பர் இன்னொன்று. வெளிர்நீலத்தில் வெள்ளைப்பூ போட்ட வெறும் பேப்பரை அவர் தடவித் தடவிப் பார்த்தார். "காட்டன் சேலை மாதிரி இருக்கு" என்றார். நானும் பெரிய மேதாவி மாதிரி, "ஹால் சுவரை யாரும்மா தொடப்போறாங்க, தாராளமா போடுங்க" என்றேன்.

அளவெடுக்கும்போது இன்னொன்றும் சொன்னார். கணவரின் அக்கா தனலட்சுமி, வேடந்தாங்கல் பக்கம் விவசாயக் குடும்பம். ஏதோ ஒரு காதுகுத்து வீட்டில் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஆறு வருடமாக வாசல்படி மிதிக்கவில்லையாம். "பத்திரிகைய நேர்ல போய் வச்சிருக்கோம். இந்த வீட்டுக்காவது அண்ணி வரணும், ஒரு வாய் சாப்பிடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார். நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே "வருவாங்கம்மா" என்றேன்.

2. ஈரத்துணி

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே ஒட்டி முடித்தோம். எனக்கும் தேவாவுக்கும் அழைப்பு இருந்தது. நாங்கள் போனபோது ஹோமம் முடிந்திருந்தது, பால் காய்ச்சியாகிவிட்டது. தனலட்சுமி அக்கா வந்திருந்தார்! கையில் மஞ்சள் கிண்ணமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிலைப்படி நிலைப்படியாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். சரோஜா அம்மா முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நான் என் சுவரை ரசித்துக்கொண்டு நின்றேன். அதனடியில் ஒரு முக்காலியில் குத்துவிளக்கு எரிந்தது. விளக்கு வைத்தால் பின்னாலிருக்கிற சுவரில் பொட்டு வைப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானே எத்தனை வீட்டில் வைத்திருக்கிறேன்! அந்த நேரம் புத்தியில் பேப்பர் மட்டும்தான் இருந்தது. அக்கா வந்தார், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளைப் பூசினார், நடுவில் குங்குமத்தை அழுத்தினார்.

"அய்யய்யோ, பேப்பர்ல வேணாம்!"

கத்தியது நான்தான். பக்கத்தில் கிடந்த ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு. வெறும் பேப்பர் அல்லவா, ஜோராகக் குடித்தது. பொட்டு ஒரு முழ நீளத்துக்கு இழுபட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா பண்ண நீ? நல்ல நாளும் அதுவுமா வெச்ச குங்குமத்த தொடக்கிறியே, உனுக்கு அறிவு கீதா?"

"அக்கா, இது பேப்பர்..."

"பேப்பரா இருந்தா இன்னா, தகரமா இருந்தா இன்னா? தம்பி வூட்டு செவுத்துல ஒரு பொட்டு வெக்கக் கூடாதுன்னா நான் எதுக்கு இங்க நிக்கிறேன்?"

கிண்ணத்தை முக்காலியில் வைத்துவிட்டுப் பையைத் தேடி எடுத்தார். நான் சரோஜா அம்மாவைப் பார்த்தேன். சுவரைப் பார்த்து அழுவார் என்று நினைத்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. அக்கா கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. துணியைக் கீழே போட்டேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றேன்.

"அக்கா, தப்பு என்னோடது. இந்த வூட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லல. நான் கிறுக்கு மாதிரி பண்ணிட்டேன். நீங்களே மறுபடியும் வெச்சிடுங்க. நல்லா பெருசா வெய்ங்க."

அவர் கிண்ணத்தை வாங்கவில்லை. தேவா நடுவில் புகுந்தார். "வெய்க்கா நீ. பேஜார் பண்ணாத. அதும் செவுருதான், மேல ஒரு சட்டை போட்டுகினு கீது, அவ்ளோதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சரோஜா அம்மா வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வைங்க அண்ணி. உங்க கையால வைங்க."

வைத்தார். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மஞ்சள், நடுவில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம். என் இழுப்பில் பாதி அதற்குள் மறைந்தது. பிறகு பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். 

3. ஆல்பத்தில் இல்லாத டிசைன்

மறுநாள் முதலாளியே வந்து பார்த்தார். "இன்னா வசந்தா, ஆல்பத்துல இல்லாத டிசைனா கீது?" வேலை போயிற்று என்றே நினைத்தேன். அதே பேட்ச் நம்பரில் முக்கால் ரோல் மிச்சம் இருந்தது. ஆர்டர் போடும்போது ஒரு ரோல் கூடவே வாங்குங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான். தேவா கத்தியை எடுத்து அந்தப் பட்டையை மட்டும் கிழிக்கத் தயாரானார்.

"தொடாதீங்க" என்றார் சரோஜா அம்மா. "வெளியே இழுபட்டிருக்கே, அத மட்டும் சரி பண்ணுங்க. பொட்டு இருக்கட்டும்."

சுற்றியிருந்த கறையை வெட்டி, பூவுக்குப் பூ பொருத்தி ஒட்டினோம். பொட்டைச் சுற்றித் தேக்கு பீடிங் பட்டையில் சதுரமாக ஒரு சட்டம் அடித்தார் தேவா. முதலாளி தள்ளி நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கீது" என்று முனகிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து என் அளவு ஷீட்டில் நீளம், உயரத்துக்கு முன்னால் ஒரு கேள்வி எழுதிவைத்தேன்: விசேஷம் முடிந்ததா, பொட்டு எந்தச் சுவரில்? நாவலூர் ஃப்ளாட்டில் ஒரு சாஃப்ட்வேர் தம்பி, "நாங்க அதெல்லாம் பண்றதில்ல மேடம்" என்று சிரித்தார். நான் ஒரு சுவரைப் பெயிண்டோடு விட்டுவைத்தேன். பால் காய்ச்சுகிற அன்று காலையில் போன். "மேடம், ஊர்லேர்ந்து அம்மா வந்து மஞ்சள் கிண்ணத்தோட நிக்கிறாங்க. எந்தச் சுவர்னு சொன்னீங்க?"

சுவரின் அளவை டேப் சொல்லிவிடும். அதில் யார் கை படப்போகிறது என்பதை வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். நான் கற்ற தொழில் இவ்வளவுதான்.

எட்டு வருடம் கழித்து சரோஜா அம்மா பேப்பரை மாற்றக் கூப்பிட்டார். நீலம் வெளுத்திருந்தது. சட்டத்துக்குள் இருந்த குங்குமம் மட்டும் புத்தம்புதுச் சிவப்பு. வருடா வருடம் பொங்கலுக்கு வந்து அக்காதான் வைக்கிறாராம். சட்டத்தை விட்டுவிட்டு மீதிச் சுவருக்கு மட்டும் புதுப் பேப்பரை வெட்டினோம்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. தனலட்சுமி அக்கா, காப்பி டம்ளரோடு.

"இன்னாம்மா, துணி எத்துகினு வந்துட்டியா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.