வாசலில் சொல்லும் ஓம்

நன்றி நவிலல் விடுமுறைக்கு அடுத்த சனிக்கிழமை, பிற்பகல். நகரசபைத் தேர்தல் நெருங்கிவிட்டது. மில்லிக்கனில், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த எங்கள் தெருவோரம் காரை நிறுத்தியபோது வேட்பாளர் உற்சாகமாக இருந்தார். எனக்கோ காலையிலிருந்தே சந்தேகம்.

அவர் வேல்ஸ்காரர். ஒஷாவாவில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் பல வருடங்கள் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். வேலைநிறுத்தம் என்றால் முன்கூட்டியே ஒவ்வொருவரையும் நேரில் கண்டு கேட்பார். முகத்தைப் பார்த்து ஒருவன் ஆம் என்றால் அவருக்கு அது கையெழுத்து மாதிரி. அந்தப் பழக்கத்தோடுதான் அரசியலுக்கும் வந்தார்.

தமிழர் வீடுகளுக்கு அவரைக் கூட்டிப்போனது நான். போன வீடெல்லாம் தேநீர். போன வீடெல்லாம் "ஓம்", எங்கள் பேச்சில் ஆம்.

"இந்தத் தெருக்கள் நமக்குத்தான். இனி நம் பிரசாரத் தொண்டர்களை வேறு பக்கம் அனுப்பலாம்" என்றார்.

அனுப்பினால் தோற்றுவிடுவார் என்று பயந்தேன். படியேறி வந்தவரிடம் இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது. அதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"நம்பாவிட்டால் இந்த முறை வாக்கைக் கேட்காதீர்கள். வீட்டு முன் புல்தரையில் உங்கள் விளம்பரப் பலகையை நட விடுவார்களா என்று கேளுங்கள். அது தெருவுக்கே தெரியும், சும்மா ஓம் சொல்ல முடியாது" என்றேன்.

முன்பு எங்களுக்கு வடை தந்து உபசரித்த வீட்டுக்கே போனோம். வீட்டுக்காரர் "வாங்கோ அண்ணை, வாங்கோ" என்று கதவை அகலத் திறந்தார். பலகை என்றதும் குரல் இறங்கியது.

"புல்லு இப்பதான் விதைச்சது, அண்ணை..."

உள்ளேயிருந்து மனைவி சத்தம் போட்டார். "உண்மையைச் சொல்லுங்கோவன்! உங்கட மச்சான் எதிர்த்து நிக்கிற ஆளுக்கெல்லோ வேலை செய்யிறார். போன கிழமை அவற்ற ஆக்கள் வந்தவை, அவைக்கும் ஓம் எண்டுதானே சொன்னனீங்கள்!"

"வீட்டுக்கு வந்த மனுசரை வேற என்ன சொல்லி அனுப்பிறது?"

ஒரு சொல்லும் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். வேட்பாளரின் முகம் வெளிறியது. நடைபாதைக்கு வந்ததும், இப்படி எத்தனை வீடு இருக்கும் என்று கேட்டார். வேறு பக்கம் போகவிருந்தவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எல்லோரும் இங்கேயே வரவேண்டும், முதல் வாசலிலிருந்து தொடங்கவேண்டும் என்றார்.

பக்கத்து வீட்டு மணியை அவரே அடித்தார். கதவைத் திறந்த பெண் எங்களைக் கண்டதும், நாங்கள் வாய் திறக்குமுன்னே, "ஓம் ஓம், உங்களுக்குத்தான்" என்றார்.